ஐந்து டிகிரி நீரில் ஆறு மணி நேரம்

உயிர்பிழைப்புப் படம் பார்க்கும் எவருக்கும் இடைவேளைக்குள் ஒரு சந்தேகம் வந்துவிடும்: இதெல்லாம் நிஜத்தில் நடக்குமா? நடுக்கடலில் படகு கவிழ்கிறது. நாயகன் இரவெல்லாம் நீந்திக் கரையேறுகிறான். அதே ரசிகர் 'டைட்டானிக்' படத்தில், நல்ல திடகாத்திரமான இளைஞன் சிறிது நேரத்திலேயே குளிரில் விறைத்துச் சாவதையும் பார்த்திருக்கிறார். இரண்டில் ஒன்றுதானே உண்மையாக இருக்க முடியும்?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்று காட்டும் படம் ஒன்று உண்டு. 2012-ல் வெளிவந்த ஐஸ்லாந்துப் படமான 'த்யூபித்'. 'ஆழம்' என்பது தலைப்பின் பொருள். வெளிநாடுகளில் 'தி டீப்' என்ற பெயரில் திரையிடப்பட்டது. இயக்கியவர் பால்தசார் கோர்மாகுர். பின்னாளில் 'எவரெஸ்ட்', 'அட்ரிஃப்ட்' என்று இயற்கையிடம் சிக்கிய மனிதர்களையே திரும்பத் திரும்பப் படமாக்கியவர். வேற்றுமொழிப் படத்துக்கான ஆஸ்கர் போட்டியில் கடைசி ஒன்பது படங்களின் பட்டியல் வரை 'த்யூபித்' சென்றது. கதை கற்பனையல்ல. 1984 மார்ச் 11 இரவு ஒரு மீனவருக்கு நடந்தது.

அன்றிரவு நடந்தது

ஐஸ்லாந்தின் தென்கரைக்கு அப்பால் இருப்பவை வெஸ்ட்மன் தீவுகள். அவற்றில் மக்கள் வாழும் ஒரே தீவு ஹெய்மாய். மீன்பிடிதான் அங்கே பிழைப்பு. ஹெட்லிசே என்ற விசைப்படகில் ஐந்து பேர் தொழிலுக்குப் போயிருந்தார்கள். இரவு பத்து மணி வாக்கில், இழுத்துக்கொண்டிருந்த வலை கடலடியில் எதிலோ மாட்டிக்கொண்டது. வலையைச் சுருட்டும் பொறியின் இழுவிசை படகையே சாய்த்தது. படகு குப்புறக் கவிழ்ந்தது.

மூவர் மட்டும் கவிழ்ந்த படகின் அடிமரத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். படகு மெல்ல அமிழ்ந்துகொண்டிருந்தது. கரை ஐந்து கிலோமீட்டருக்கும் மேல். கடல்நீர் 5 முதல் 6 டிகிரி செல்சியஸ். காற்று உறைநிலைக்கும் கீழே. வேறு வழியில்லாமல் மூவரும் நீந்தத் தொடங்கினார்கள். இருட்டில் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நீந்தினார்கள். சற்று நேரத்தில் பதில் குரல் வருவது நின்றது. எஞ்சியவர் குத்லாய்குர் ஃப்ரித்தோர்சன். வயது 22.

அவர் அணிந்திருந்தது சட்டை, கம்பளி மேலாடை, ஜீன்ஸ். மிதவை அங்கி கிடையாது. ஐந்தாறு மணி நேரம் நீந்தினார். தலைக்கு மேலே பறந்த கடற்பறவைகளோடு பேசிக்கொண்டே நீந்தியதாகப் பிறகு சொன்னார். கரையை அடைந்த இடம் செங்குத்துப் பாறை, ஏற முடியவில்லை. மறுபடி கடலுக்குள் திரும்பி, வேறு இடம் தேடிக் கரையேறினார். பிறகு எரிமலைக் குழம்பு இறுகிக் கிடந்த கரடுமுரடான பரப்பில் வெறுங்காலோடு ஏறத்தாழ மூன்று மணி நேரம் நடந்து ஊருக்குள் வந்து ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார்.

அந்தத் தீவில் எரிமலைப் பாறை என்பது பழங்கதையல்ல. 1973 ஜனவரி 23-ம் தேதி நள்ளிரவு தாண்டி ஊருக்குப் பக்கத்திலேயே நிலம் பிளந்து எல்ட்ஃபெல் என்ற எரிமலை புதிதாக முளைத்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களை அந்த இரவே மீன்பிடிப் படகுகள் பெருநிலத்துக்கு ஏற்றிச் சென்றன. துறைமுகத்தை மூடவந்த குழம்பின் மேல் கடல்நீரைப் பீய்ச்சி அதை உறையவைத்தார்கள். படத்தில் அந்தச் சிறுவயது இரவு இடையிடையே வருகிறது. கதையோட்டத்துக்கு அது தடை என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இவர்கள் எப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் என்று அந்தக் காட்சிகள் சொல்லிவிடுகின்றன.

படத்தின் உண்மையான துணிச்சல் வேறிடத்தில் இருக்கிறது. நாயகன் கரையேறுவது பாதிப் படத்திலேயே முடிந்துவிடுகிறது. வழக்கமான படம் அங்கே இசையை உயர்த்தி முடிந்திருக்கும். இந்தப் படமோ அதற்குப் பிறகுதான் 'எப்படி?' என்ற கேள்வியைக் கையில் எடுக்கிறது. மருத்துவர்கள் வருகிறார்கள், அளவுகள் எடுக்கிறார்கள், ஒரு பனிநீர்த் தொட்டி வருகிறது. அந்தக் கேள்விக்கான விடையைப் படிப்படியாகத்தான் பிரிக்க வேண்டும். குளிர்நீர் மனிதனைக் கொல்வது ஒரே வழியில் அல்ல.

முதல் நிமிடம்: மூச்சு

குளிர்நீரில் விழுந்தவர் உடல் குளிர்ந்து சாகிறார் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் பலர் உடல் குளிர்வதற்கு முன்பே செத்துவிடுகிறார்கள். தோலின் வெப்பம் திடீரென்று சரியும்போது, நரம்புகள் மூளைத்தண்டுக்கு ஒரே நேரத்தில் அபாயச் செய்தி அனுப்புகின்றன. உடனே வாய் பிளந்து ஒரு பெரிய இழுமூச்சு வருகிறது. விரும்பினாலும் அதை அடக்க முடியாது. தொடர்ந்து மூச்சு பலமடங்கு வேகமாகிறது, இதயம் படபடக்கிறது, இரத்த அழுத்தம் எகிறுகிறது. இதைக் குளிர் அதிர்ச்சி எனலாம்.

அந்த முதல் இழுமூச்சு வரும் கணத்தில் தலை நீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் போவது காற்றல்ல, கடல்நீர். கரையில் ஒரு நிமிடம் மூச்சடக்கக்கூடியவர் ஐந்து டிகிரி நீரில் சில நொடிகள்கூட அடக்க முடியாமல் திணறுவார். அலை முகத்தில் அடிக்கும் கடலில் அது போதும். இதய நோய் உள்ளவருக்கு இதே கட்டத்தில் இதயம் நின்றுபோகலாம்.

நல்ல செய்தி என்னவென்றால், இந்த அதிர்ச்சி தானாகவே அடங்கும். முதல் அரை நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று நிமிடங்களில் தணிந்துவிடும். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டன் இந்த எதிர்வினையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். குளிர்நீரில் மீண்டும் மீண்டும் இறங்கிப் பழகியவர்களுக்கு அதிர்ச்சியின் வேகம் குறைகிறது என்பது இவ்வகை ஆய்வுகளின் முக்கியமான முடிவு. குத்லாய்குர் முதலில் நீரில் விழுந்து, பிறகு அடிமரத்தின் மேல் ஏறி, அதன் பின்னரே நீந்தத் தொடங்கினார். மரணம் மிக நெருங்கி நிற்கும் முதல் சில நிமிடங்களை அவர் கடந்தாயிற்று.

பத்து நிமிடம்: கைகால்

அடுத்த ஆபத்து தசைகளுக்கு. உடல் தன் மையத்தைக் காப்பாற்றுவதற்காகக் கைகால்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது. விரல், முன்கை, கெண்டைக்கால் எல்லாம் வேகமாகக் குளிர்கின்றன. குளிர்ந்த நரம்பில் சைகை மெதுவாகப் போகிறது. குளிர்ந்த தசை சுருங்க மறுக்கிறது. விரல்கள் விறைத்துவிடுவதால் வீசப்படும் கயிற்றைக்கூடப் பிடிக்க முடியாது. நீந்துபவரின் கைவீச்சு குட்டையாகிறது, கால்கள் தாழ்கின்றன. உடல் நீரில் கிடையாக இல்லாமல் செங்குத்தாக நிற்கத் தொடங்குகிறது. அதே உழைப்புக்கு முன்னேறும் தூரம் குறைந்துகொண்டே போய், கடைசியில் மூழ்கிவிடுகிறார். இது நீச்சல் முடக்கம்.

டிப்டன் குழுவினர் 1999-ல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. நன்றாக நீந்தத் தெரிந்த பத்துப் பேரை 25, 18, 10 டிகிரி நீரில் தனித்தனியே ஒன்றரை மணி நேரம் நீந்தச் சொன்னார்கள். 25 டிகிரியில் பத்துப் பேரும் முடித்தார்கள். 18 டிகிரியில் எட்டுப் பேர். 10 டிகிரியில் ஐந்து பேர்தான். நீச்சல் வெகுவாகக் கெட்டுப்போனது கைகளில் கொழுப்பு மெலிதாக இருந்தவர்களுக்கு. ஹெய்மாய்க் கடல் அந்த 10 டிகிரியைவிடவும் நான்கைந்து டிகிரி கூடுதல் குளிரானது.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிர் உடலியலை ஆராயும் கோர்டன் கீஸ்பிரெக்ட் இவற்றையெல்லாம் ஒரு எளிய வாய்பாடாக்கினார்: ஒரு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி நேரம். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். இது கிட்டத்தட்ட உறைநிலையில் இருக்கும் நீருக்கு, சராசரி உடம்புக்குச் சொன்ன கணக்கு. ஆறு மணி நேரம் என்பது இந்த வாய்பாட்டுக்கு வெளியே இருக்கிறது.

ஒரு மணி நேரம்: வெப்பத்தின் வரவு செலவு

மூன்றாவது ஆபத்துதான் தாழ்வெப்பம். உடலின் உள்ளக வெப்பநிலை, அதாவது இதயமும் மூளையும் இருக்கும் ஆழத்தின் வெப்பம், வழக்கமாக 37 டிகிரி. அது 35-க்குக் கீழே இறங்கினால் தாழ்வெப்பம் என்கிறது மருத்துவம். 32-ஐ நெருங்கும்போது நடுக்கம் நிற்கத் தொடங்கும், புத்தி தடுமாறும். 30 வாக்கில் நினைவு தப்பும். 28-ல் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகலாம்.

ஐந்து டிகிரி காற்றில் ஒரு ஸ்வெட்டரோடு மணிக்கணக்கில் இருக்க முடியும். ஐந்து டிகிரி நீரில் முடியாது. நீர் காற்றைப் போல 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துகிறது. அதோடு ஒரு லிட்டர் நீர், ஒரு லிட்டர் காற்றைவிட மூவாயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். தோலை ஒட்டிய காற்று சீக்கிரம் சூடேறி ஒரு மெல்லிய போர்வையாகிவிடும். கடல்நீர் அப்படிச் சூடேறாது.

ஒரு குடும்பத்தின் வரவு செலவைப் போலவே இதையும் பார்க்கலாம். வரவு, உடல் உண்டாக்கும் வெப்பம்: நடுக்கமும் நீச்சலும் தருவது. செலவு, தோல் வழியாக நீருக்குப் போவது. கையிருப்பு, உடலில் ஏற்கெனவே தேங்கியிருக்கும் வெப்பம். செலவு வரவை மிஞ்சும் அளவுக்குக் கையிருப்பு கரையும். கையிருப்பு கரைவதுதான் வெப்பநிலை இறங்குவது.

இரண்டு உடம்புகள், ஒரு கணக்கு

முதலில் சராசரி ஆள். எடை 70 கிலோ, உயரம் 170 செ.மீ. தோலுக்கு அடியில் கொழுப்பு சுமார் 6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி வேண்டும் (பிஸ்கட் பாக்கெட்டில் அச்சிடும் பெரிய கலோரி). மனித உடலுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு, 0.83. ஆகவே இவர் உடல் ஒரு டிகிரி குளிர 58 கலோரி வெளியேற வேண்டும். ஐந்து டிகிரி நீரில் இவர் நிமிடத்துக்கு 10 கலோரி இழக்கிறார், பலமாக நடுங்கி நிமிடத்துக்கு 5 கலோரி உண்டாக்குகிறார் என்று எடுத்துக்கொண்டால், பற்றாக்குறை நிமிடத்துக்கு 5. பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு டிகிரி போகிறது. ஒரு மணி நேரத்தில் 37 என்பது 32 ஆகிவிடும். அங்கே நடுக்கம் நிற்கிறது. வரவு படுத்துவிட, அதன் பிறகு சரிவு இன்னும் வேகமெடுக்கும். கீஸ்பிரெக்டின் 'ஒரு மணி நேரம்' ஏறக்குறைய இதுதான்.

இப்போது குத்லாய்குர். உயரம் 193 செ.மீ., எடை 125 கிலோ. தோலடிக் கொழுப்பை அளந்தபோது 14 மில்லிமீட்டர் இருந்தது. சராசரி மனிதருக்கு இருப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு.

இந்த உடலின் தோல்பரப்பு பெரியது, சராசரி ஆளைப் போல 1.4 மடங்கு. அதனால் செலவு 10-லிருந்து 14 ஆக வேண்டும். ஆனால் வெப்பம் கடக்க வேண்டிய கொழுப்பின் தடிமன் 2.3 மடங்கு. தடிமன் கூடக்கூட வெப்ப ஓட்டம் அதே விகிதத்தில் குறையும். 14-ஐ 2.3-ஆல் வகுத்தால் 6. நீந்துவதால் இவரும் நிமிடத்துக்கு அதே 5 கலோரி உண்டாக்கினால், பற்றாக்குறை வெறும் 1. இனிக் கையிருப்பைப் பார்க்க வேண்டும். 125 கிலோ உடம்பு ஒரு டிகிரி இறங்க 104 கலோரி போக வேண்டும். நிமிடத்துக்கு ஒரு கலோரி வீதம் அதற்கு 104 நிமிடம் ஆகும். மூன்று டிகிரி இறங்க ஐந்து மணி நேரத்துக்கு மேல்.

கரையேறி நடந்து வந்த பிறகு மருத்துவமனையில் அவரது வெப்பநிலையை எடுத்தபோது 34 டிகிரிக்கும் கீழே இருந்தது. நாடித்துடிப்பைக் கண்டுபிடிப்பதே சிரமமாக இருந்தது. ஆனாலும் தாழ்வெப்பத்தின் வழக்கமான குழப்பமோ உளறலோ இல்லை.

கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்துவதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. உடல் முழுதும் ஒரே சீராகக் குளிர்கிறது என்று இதில் எடுத்துக்கொண்டாயிற்று; நிஜத்தில் கைகால்கள் முதலில் குளிரும், மையம் கடைசியில். செலவுக்கும் வரவுக்கும் எடுத்த எண்கள் தோராயமானவை. ஆனாலும் ஒரு விஷயம் பிடிபடுகிறது. கொழுப்பு செலவைப் பாதிக்கும் கீழே குறைக்கிறது. ஆனால் பற்றாக்குறை ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது, ஏனென்றால் அது செலவுக்கும் வரவுக்கும் இடையிலான வித்தியாசம். அதற்கு மேல் கையிருப்பும் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் சேர்ந்து ஒரு டிகிரிக்கான நேரத்தைப் பன்னிரண்டு நிமிடத்திலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரமாக நீட்டிவிடுகின்றன. கூடவே நீந்திய இருவரை ஒரு மணி நேரத்துக்குள் கொன்றிருக்கக்கூடிய கடல், மூன்றாமவரை விட்டுவைத்ததற்கு மாயம் எதுவும் தேவையில்லை.

கொழுப்பு எப்போது போர்வை ஆகிறது

கொழுப்பு வெப்பத்தைக் கடத்துவதில் தசையைவிடப் பாதிக்கும் குறைவு. அதில் நீர் குறைவு, இரத்தக் குழாய்களும் குறைவு. ஆனால் தோலுக்கு இரத்தம் தாராளமாகப் போய்வந்துகொண்டிருந்தால் கொழுப்பு எவ்வளவு இருந்தும் பயனில்லை. இரத்தமே வெப்பத்தைச் சுமந்து கொழுப்பைத் தாண்டிப் போய்க் கடலிடம் கொடுத்துவிடும். தோலின் குழாய்கள் இறுகி மூடிக்கொண்டால்தான் அது போர்வை. குளிர் பட்டதும் தோல் வெளுப்பது அந்த இறுக்கத்தின் அடையாளம்.

நீந்துவதா, அசையாமல் மிதப்பதா என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. கனடாவில் ஜான் ஹேவர்ட் குழுவினர் செய்த சோதனைகளில், மிதவை அங்கியோடு அசையாமல் இருந்தவரைவிட நீந்தியவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேகமாகக் குளிர்ந்தார். கைகால் தசைக்கு உழைப்பு தேவைப்படும்போது அங்கே சூடான இரத்தம் ஓடுகிறது. வீச்சு ஒவ்வொன்றும் தோலை ஒட்டிய நீரைக் கலைத்துப் புதிய குளிர்நீரைக் கொண்டுவருகிறது. அதனால்தான் மிதவை உள்ளவர்களுக்கு, முழங்காலை மார்போடு அணைத்துச் சுருண்டு மிதக்கச் சொல்லித் தருகிறார்கள்.

தடித்த கொழுப்பு உள்ளவருக்கு இந்த விதி தலைகீழாகலாம். நீச்சல் தரும் கூடுதல் வெப்பத்தைக் கொழுப்பு உள்ளேயே தக்கவைத்துக்கொண்டால் வரவுதான் லாபம். 1950-களில் பிரிட்டிஷ் உடலியலாளர்கள் கிரிஃபித் ப்யூ, ஓட்டோ எட்ஹோம் இருவரும் ஆங்கிலக் கால்வாய் நீச்சல்காரர்களை ஆராய்ந்து இதைக் கண்டார்கள். அவர்கள் சோதித்தவர்களில் முக்கியமானவர் ஜேசன் ஸிர்கனோஸ் என்ற பருத்த உடல்கொண்ட கிரேக்கர். மெலிந்த உடம்புக்காரரான ப்யூ தன்னையே ஒப்பீட்டுக்கு நீரில் இறக்கிக்கொண்டார். அதே குளிர்நீரில் ப்யூ வேகமாகக் குளிர, ஸிர்கனோஸ் தாக்குப்பிடித்தார்.

உடைக்கும் இந்தக் கணக்கில் இடமுண்டு. நனைந்த துணி இழுத்து மூழ்கடிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. நீருக்குள் இருக்கும்வரை நனைந்த துணிக்குப் பெரிதாக எடையில்லை. அதற்குள் சிக்கிய நீர் அவ்வளவு சீக்கிரம் கலைவதில்லை. கம்பளி மேலாடையும் ஜீன்ஸும் குத்லாய்குருக்கு உபத்திரவத்தைவிட உதவியே செய்திருக்கும். கழற்ற வேண்டியது கனமான பூட்ஸை.

ஆட்டுத்தொட்டியும் தாகமும்

கரையேறிய மீனவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று விசித்திரமானது. ஆடுகள் குடிக்க வைத்திருந்த ஒரு தொட்டியைக் கண்டார். மேலே நீர் பனிக்கட்டியாக உறைந்திருந்தது. கையால் குத்தி உடைத்துக் குடித்தார். ஆறு மணி நேரம் நீரில் கிடந்தவருக்கு, உறைபனிக் காற்றில், தாகம்!

இதற்கும் உடலியலில் காரணம் இருக்கிறது. தோலின் இரத்தக் குழாய்கள் இறுகும்போது அங்கிருந்த இரத்தம் எல்லாம் உடலின் நடுப்பகுதிக்குத் தள்ளப்படுகிறது. சுற்றியுள்ள நீரின் அழுத்தமும் கால்களிலிருந்து இரத்தத்தை மேலே பிதுக்குகிறது. இதயத்தின் அறைகள் விரிகின்றன. உடல் அதை 'நீர் கூடிவிட்டது' என்று எடுத்துக்கொள்கிறது. சிறுநீரகம் நீரை வெளியேற்றத் தொடங்குகிறது. மழைக்காலத்தில் அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்வதும் இதன் சிறு வடிவமே. மணிக்கணக்கில் இப்படி நீர் போய், வாயில் உப்புநீரும் பட்டால், உடல் வறண்டுவிடும். மருத்துவமனையில் அவரிடம் பளிச்சென்று தெரிந்த கோளாறும் இந்த நீரிழப்புதான்.

நீரை விட்டு வெளியே வரும் கணமும் ஆபத்தில்லாததல்ல. நீரின் அழுத்தம் திடீரென்று விலகும்போது, அதுவரை பிதுங்கி மேலே இருந்த இரத்தம் கால்களுக்குச் சரிகிறது. இரத்த அழுத்தம் விழுகிறது. குளிர்ந்த இதயம் அதைச் சமாளிக்கத் தடுமாறும். மீட்கப்படும் நேரத்திலோ சற்றுப் பிறகோ பலர் மயங்கி விழுந்து இறப்பது இதனால்தான். வெகுநேரம் நீரில் இருந்தவரைத் தூக்கும்போது நிற்கவைக்காமல் கிடைநிலையிலேயே தூக்க வேண்டும் என்று மீட்புப் படையினருக்குப் பயிற்சி தரப்படுகிறது. குத்லாய்குரைத் தூக்க யாரும் இல்லை. தானே பாறையில் தொற்றி ஏறி, எழுந்து நடந்தார். மூன்று மணி நேர நடை அவருக்கு வரவாகவும் இருந்தது. நடக்கும் தசை வெப்பம் தரும், காற்றோ நீரைப் போல வெப்பத்தை உறிஞ்சாது.

லண்டன் தொட்டி

செய்தி பரவியதும் ஆய்வாளர்கள் அவரைத் தேடி வந்தார்கள். குளிர்நீர் மரணங்களை ஆராய்வதில் பெயர்பெற்ற லண்டன் பேராசிரியர் வில்லியம் கீட்டிங், ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் யோஹான் ஆக்செல்சன் ஆகியோர் அடங்கிய குழு அவரைச் சோதித்து, முடிவுகளை 1986-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டது. கீட்டிங்குக்கு இந்தத் துறையில் பழைய கணக்கு ஒன்று இருந்தது. 1963 டிசம்பரில் மதீரா தீவுக்கு அருகே 'லகோனியா' என்ற உல்லாசக் கப்பல் தீப்பற்றி எரிந்தபோது 128 பேர் இறந்தார்கள். கடல்நீர் 18 டிகிரி வாக்கில்தான் இருந்தது. மிதவை அங்கி அணிந்திருந்தும் பலர் செத்தார்கள். மூழ்கியதல்ல, குளிர்தான் காரணம் என்று எடுத்துச் சொன்னவர்களில் கீட்டிங் முக்கியமானவர். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பு, உறைநிலைக்கும் கீழான நீரில் மிதவை அங்கியோடு மிதந்த டைட்டானிக் பயணிகளின் சாவையும் 'மூழ்கி இறந்தனர்' என்றுதான் பதிவு செய்தார்கள்.

படத்தில் இந்தச் சோதனைக் காட்சி நகைச்சுவையும் சங்கடமும் கலந்து வருகிறது. உடற்கட்டு நிறைந்த படைவீரர்களோடு பனிநீர்த் தொட்டியில் நாயகனை இறக்குகிறார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக நடுங்கி வெளியேற, பருத்த மீனவன் மட்டும் உட்கார்ந்திருக்கிறான். நாயகனாக நடித்த ஓலாவுர் தாரி ஓலாவ்சனின் முகத்தில் பெருமிதம் துளியும் இல்லை. தன்னை ஏன் இப்படிப் பார்க்கிறார்கள் என்ற கூச்சம்தான். உண்மைச் சம்பவத்துக்குப் பிறகு பத்திரிகைகள் அவரது கொழுப்பைக் கடல்நாயின் கொழுப்போடு ஒப்பிட்டு எழுதின. நண்பர்களை இழந்து பிழைத்த ஓர் இளைஞனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதைப் படம் சத்தம் போடாமல் காட்டுகிறது. இந்தப் பாதி மெதுவாகப் போகிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. படத்தின் சிறந்த பகுதியே அதுதான்.

கொழுப்பு சொல்லாதவை

இத்தனைக்கும் பிறகு, பருத்த உடல் இருந்தால் போதும் என்று முடிவு கட்டிவிட முடியாது. ஸிர்கனோஸின் முடிவே அதற்குச் சான்று. கால்வாயை வென்ற அதே உடம்போடு 1959-ல் அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையிலான வட கால்வாயை நீந்திக் கடக்க முயன்றார். இன்னும் குளிர்ந்த கடல் அது. அந்த முயற்சியிலேயே இறந்தார். வரவுக்கும் செலவுக்கும் உள்ள சமநிலை ஒரு குறிப்பிட்ட நீருக்கு மட்டுமே செல்லும். நீர் சில டிகிரி குறைந்தாலோ, களைப்பில் தசையின் உழைப்பு குறைந்தாலோ அது குலைந்துவிடும்.

கொழுப்பு குளிர் அதிர்ச்சியைத் தடுப்பதில்லை; குளிரை உணரும் நரம்பு முனைகள் கொழுப்புக்கு வெளியே, தோலிலேயே இருக்கின்றன. இருட்டில் திசை பிடிப்பது, பதறாமல் மூச்சை நிதானமாக விடுவது, பாறையில் ஏற முடியாதபோது மறுபடி கடலுக்குள் இறங்கத் துணிவது, இவற்றையும் அது விளக்காது. படத்தில் பறவைகளோடு பேசும் காட்சியைச் சிலர் திரைக்கதை அலங்காரம் என்று நினைக்கக்கூடும். அது நடந்தது. பேசுபவர் மூச்சைச் சீராக விட்டே ஆக வேண்டும், விழித்திருந்தே ஆக வேண்டும். அவ்வளவுக்கு அது பயன்பட்டிருக்கலாம்; அதற்கு மேல் அளக்க எந்தத் தொட்டியும் இல்லை.

திரையால் காட்ட முடியாதது ஒன்றும் உண்டு. குளிர் கண்ணுக்குத் தெரிவதில்லை. கேமரா கருநீல நீரையும் மூச்சின் ஆவியையும் காட்டலாம். முன்கைத் தசை மெல்ல மெல்லச் சொன்ன பேச்சைக் கேட்காமல் போவதைக் காட்ட முடியாது. கோர்மாகுர் அதைக் குரல்களால் ஈடுசெய்கிறார். மூன்று குரல்கள் இரண்டாகி, இரண்டு ஒன்றாவதைக் கேட்கும்போது நீச்சல் முடக்கம் என்ன என்பது பார்வையாளருக்குப் புரிந்துவிடுகிறது.

கடலுக்குப் போகிறவர்களுக்கு

ஐஸ்லாந்தில் மீனவர் சாவு ஒருகாலத்தில் ஆண்டுதோறும் எதிர்பார்த்த செலவைப் போல இருந்தது. விபத்து நடந்த மறு ஆண்டு, 1985-ல், அந்நாட்டில் கடலோடிகளுக்கான பாதுகாப்புப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. மேலே சொன்னவைதான் அங்கே செயல்முறைப் பாடங்கள்: விழுந்ததும் நீந்தத் துடிக்காமல் முதலில் மூச்சை அடங்கவிடுவது, விரல்கள் வேலை செய்யும் சில நிமிடங்களுக்குள் மிதவையையும் கொக்கிகளையும் மாட்டி முடிப்பது, படகு தெரிந்தால் அதைப் பற்றிக்கொண்டு நீரிலிருந்து இயன்ற அளவு மேலே ஏறுவது, மிதவைப் படகு இருந்தால் நனையாமல் அதில் இறங்குவது.

உடலில் இல்லாத கொழுப்பை வெளியே அணிந்துகொள்ள வழியும் வந்தது. நீர்புகா மூழ்கு அங்கி எனப்படும் தடித்த நுரைரப்பர் உடை, தலை முதல் பாதம் வரை மூடி, காற்றுக் குமிழ்கள் அடைபட்ட சில மில்லிமீட்டர் தடுப்பை உடம்புக்கும் கடலுக்கும் இடையே வைக்கிறது. மெலிந்தவருக்கும் அது குத்லாய்குரின் 14 மில்லிமீட்டரைவிட நல்ல போர்வை. முதல் நிமிடத்தின் அதிர்ச்சியையும் அது மட்டுப்படுத்தும், ஏனென்றால் குளிர்நீர் தோலைத் தொடுவதே இல்லை. பயிற்சி, உடை, தானாக விடுபடும் மிதவைப் படகு, வானிலை எச்சரிக்கை எல்லாம் சேர்ந்து சாவுகள் படிப்படியாகக் குறைந்தன. 2008-ல் முதல்முறையாக, ஓர் ஆண்டு முழுவதும் ஐஸ்லாந்துக் கடலோடி ஒருவர்கூடப் பணியில் இறக்கவில்லை.

வெஸ்ட்மன் தீவுகளில் ஒவ்வொரு மார்ச் மாதமும் நீச்சல் குளத்தில் ஆறு கிலோமீட்டர் நீந்தும் நிகழ்ச்சி நடக்கிறது. குத்லாய்குரின் பெயரில்தான். குளத்து நீர் வெதுவெதுப்பானது.